நாடியோடு துடிக்கும் காதிரைச்சல்: எம்.ஆர்.ஐ. அறையில் தொடங்கும் துப்பு

சீட்டில் "தலைவலி, காதிரைச்சல்" என்று இரண்டே சொல் இருக்கும். வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருப்பார்கள். வழக்கமான மூளை ஸ்கேனை எடுத்து அனுப்பிவிட்டால் டெக்னீஷியனான உங்களை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் படுக்க வைப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "ஐயா, அந்தச் சத்தம் ஒரே சீரா இரையுதா, இல்ல நாடி துடிக்கிற மாதிரி உஸ்... உஸ்...னு கேக்குதா?" நாடியோடு சேர்ந்து கேட்கிறது என்றால், அன்று எடுக்க வேண்டிய ஸ்கேனே வேறு. எந்தக் காது என்பதையும் கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்.

நாம் தேடுவது டியூரல் ஏ.வி. ஃபிஸ்டுலா. மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா என்ற தடித்த உறையில் தமனி நேராகச் சிரையோடு இணைந்துவிடுகிறது. நடுவே தந்துகிகள் இல்லாததால் ரத்தம் வேகம் தணியாமல் சிரைக்குள் பாய்கிறது. மண்டையோட்டுக்குள் வரும் ரத்தக்குழாய்ப் பின்னல் கோளாறுகளில் இது 10 முதல் 15 சதவீதம். காதுக்குப் பின்னால் ஓடும் டிரான்ஸ்வர்ஸ், சிக்மாய்ட் சைனஸ்களில் வந்தால் காதில் இரைச்சல். கேவர்னஸ் சைனஸில் வந்தால் கண் சிவந்து பிதுங்கும்.

இரைச்சலோடு நின்றால் பெரும்பாலும் பயமில்லை. ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்து ஏறினால்தான் ஆபத்து. 1995-ல் வெளிவந்த போர்டன், கோன்யார் வகைப்பாடுகள் இரண்டும் இதைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. அந்த நிலையில் ரத்தம் கசியலாம். சிலருக்கு மூளை நீர்கோத்து ஞாபகம் மங்கும்; முதுமை மறதி என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஃபிஸ்டுலாவை அடைத்த பிறகு ஞாபகம் மீண்டவர்கள் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த நோயை நீங்கள் மறக்கக் கூடாது.

இனி கன்சோலுக்கு வருவோம். டி2 படத்தில் மூளையின் மேற்பரப்பில் புழு நெளிவதுபோலக் கறுப்புக் குழாய்கள் கூடுதலாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அடுத்தது டைம் ஆஃப் ஃப்ளைட் ஆஞ்சியோ. பலர் தவறுவது இங்கேதான்: வில்லிஸ் வட்டத்தை மட்டும் அளந்து வைத்துவிடுகிறோம். கீழே ஃபோரமென் மேக்னம் வரை, மேலே டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் முழுதும் அடங்கும்படி எல்லையை நீட்டுங்கள். எல்லாப் படங்களையும் சேர்த்துக் கோக்கும் எம்.ஐ.பி. படம் அழகாகச் சுழலும். அதை நம்பி நின்றுவிடாதீர்கள். மூலப் படங்களை ஒவ்வொன்றாக உருட்டினால்தான் சைனஸ் சுவரை ஒட்டிய பொடிப் பொடி வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் படும். அவைதான் உள்ளே நுழையும் தமனிகள்.

நேரமில்லை என்று பலர் முதலில் வெட்டுவது ஏ.எஸ்.எல். சீக்வன்ஸை. என்னைக் கேட்டால், இந்த நோய்க்கு அதை வெட்டவே கூடாது. கழுத்தில் காந்தத்தால் தமனி ரத்தத்தில் இட்ட அடையாளம், சாதாரணமாக மூளைத் திசுவிலேயே மங்கிவிடும். சிரைக்கு வந்து சேராது. சைனஸோ ஒரு சிரையோ பளிச்சென்று வெளுத்தால் குறுக்கு வழி இருக்கிறது என்று பொருள். கான்ட்ராஸ்ட் ஊசியும் தேவையில்லை. எஸ்.டபிள்யூ.ஐ. சீக்வன்ஸிலும் இதே கதைதான்: கறுப்பாக இருக்க வேண்டிய சிரை வெள்ளையாகத் தெரியும், அழுத்தம் தாங்காத மற்ற சிரைகள் கறுத்துப் பருத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. படுத்த நிலையில் இடப்பக்கச் சிரை ரத்தம் மார்பிலிருந்து மேலே எதிர்த்து ஏறும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு டைம் ஆஃப் ஃப்ளைட்டில் இடது சிக்மாய்ட் சைனஸ் ஃபிஸ்டுலா போலவே ஒளிரும். சுவரை ஒட்டிய புள்ளிகள் இல்லை, ஏ.எஸ்.எல்.லும் இருட்டாக இருக்கிறது என்றால் இந்த எதிரோட்டமாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால், நோயாளி மேஜையில் இருக்கும்போதே ரேடியாலஜிஸ்டைக் கூப்பிடுங்கள். "மேடம், வலது சிக்மாய்டுல ஏ.எஸ்.எல். வெளுத்திருக்கு, டைனமிக் ஆஞ்சியோ சேர்க்கலாமா?" இப்படி இடம், சீக்வன்ஸ், தேவை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் டெக்னீஷியனின் போனை யாரும் எரிச்சலோடு வைப்பதில்லை. நோயாளியிடம் மட்டும் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்; அது மருத்துவர் சொல்ல வேண்டியது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தாலும் சிறு ஃபிஸ்டுலா ஒளிந்திருக்கலாம். முடிவு சொல்வது டி.எஸ்.ஏ. என்ற கதீட்டர் ஆஞ்சியோதான், அதன் வழியாகவே பல நேரங்களில் அடைப்புச் சிகிச்சையும் நடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் தமனிகளைப் போலவே சிரைகளையும் கையால் வரைந்து பழகுங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, சந்தேகப்பட்ட ஒவ்வொரு ஸ்கேனையும் நோயாளியின் பெயர் இல்லாமல் குறித்து வாருங்கள். இரண்டு வாரம் கழித்து கேத் லேபுக்குப் போய் அந்த டி.எஸ்.ஏ. படத்தைக் காட்டச் சொல்லி, நீங்கள் எடுத்த மூலப் படங்களைப் பக்கத்தில் வைத்து, எந்தப் புள்ளியைத் தவறவிட்டீர்கள் என்று தேடுங்கள்.