மூன்று நாளுக்குப் பிறகு



"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இஸ்லாமும் விருந்தாளிக்கு மூன்று நாள் என்றே கணக்குச் சொல்கிறது. அது அவருடைய உரிமை. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் தருமம் என்று நபிகள் நாயகம் போதித்தார். முஸ்லிம்கள் அதை ஸதகா என்பார்கள்.

இதற்குப் புத்தளக் கரையே பாடம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஊரை விட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்குள்ளவர்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துப் போட்டார்கள். குடிசை போட இடமும் கொடுத்தார்கள்.

மூன்று நாள் போய், வருஷங்களும் போயின. ஊர்க்காரருக்கும் வசதி குறைவுதான். தண்ணீருக்கும், கூலி வேலைக்கும், பள்ளிக்கூட இடத்துக்கும் போட்டி வந்தது. மனக்கசப்பும் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள், கலியாண உறவும் உண்டானது. 2009இல் போர் முடிந்த பிறகும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நமக்கும் இது புதுசு இல்லை. 1977லும் 1983லும் அடிபட்ட தோட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர் வன்னிக்குப் போனார்கள். அங்கே யாரோ இடம் கொடுத்ததால்தான் பிழைத்தார்கள்.

பக்கத்துக் காம்பராவுக்குப் புதுக் குடும்பம் வந்தால் முதல் நாள் தேத்தண்ணி கொடுப்போம். ஆறு மாசம் கழித்து, பீலியில் தண்ணி குறையும் நேரத்தில், அவங்க குடத்துக்கும் வரிசையில் இடம் விடுவோமா? இந்தக் கிழமை வீட்டில் பேசிப் பாருங்கள்.