கடல் கடந்து வேர்விட்டவர்கள்

கேள்வி: வெளிநாடுகளிலேயே பிறந்து வளர்ந்த சமோவா மக்கள் ஏராளம் என்கிறார்களே, தமிழர்களில் அப்படி உண்டா?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: உண்டு. அதுவும் சமோவாவுக்கு அருகிலுள்ள ஃபிஜித் தீவுகளிலேயே!

அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய, 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனச் சுமார் 15,000 பேர். பலர் ஊர் திரும்பவே இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு ஃபிஜியே சொந்த மண்.

1926இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. நாடி நகரில் சிவசுப்பிரமணியர் கோயில் வண்ணக் கோபுரத்துடன் நிற்கிறது. சுவா நகர மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணி உடுத்திய பக்தர்கள் தீ மிதிக்கிறார்கள். ஆனால், வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஃபிஜி இந்திதான்.

1987 இராணுவப் புரட்சிக்குப் பின் பல்லாயிரம் இந்தியர் மறுபடியும் புலம்பெயர்ந்தனர். ஆக்லாந்து, சிட்னி நகரங்களில் சமோவா குடும்பங்களும் அவர்களும் இன்று அக்கம்பக்கத்தார்.

கப்பலேறியவரின் பெயர், தந்தை பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் குடியேற்றச் சீட்டில் பதிவாகியுள்ளன. அவை ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் குடும்பத்தில் ஃபிஜி போனவர் யாரேனும் இருந்தால், அங்கே தேடிப் பாருங்கள்.