அண்டை வீட்டாரின் தூக்கமும் நமது வழிபாட்டு உரிமையும்

 

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நமது வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தையும் நெல் வயலையும் நம்பி வாழ்ந்த பகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின், சிப்காட் தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று இங்கே இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஊர் கண் விழிக்கும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கித் தூங்கப் போகிறவர்கள் நம் தெருக்களில் ஏராளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் பள்ளிவாசலில் ஜகாத்தைப் பற்றி பயான் செய்துகொண்டிருந்தேன். மாடியில் கட்டியிருந்த கோன் ஸ்பீக்கர் அதைத் தெரு முழுவதும் கொண்டுபோயிற்று. பயான் முடிந்து வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணி கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தார்.

“பாய், தப்பா நினைக்காதீங்க. அவருக்கு நைட் ஷிப்ட். ஏழரைக்குத்தான் வந்து படுத்தார். பிரஸ் மெஷின்ல வேலை. தூக்கம் இல்லாம போனா கைக்கு ஆபத்து” என்றார்.

அவர் போன பிறகு ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், “ஹஜ்ரத், இது நம்முடைய மத உரிமை. அரசியல் சாசனமே கொடுத்திருக்கிறது. இதை யாரும் கேட்க முடியாது” என்றார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. சாசனம் உண்மையில் என்ன கொடுத்திருக்கிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

சாசனம் தருவது என்ன?

25ஆவது ஷரத்து மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், தனது மதத்தை வெளிப்படையாக ஏற்று நடக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. இது குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியது. இங்கு வேலைக்கு வந்திருக்கும் கொரிய நாட்டு எஞ்ஜினீயருக்கும் உண்டு. ஆனால் அந்த ஷரத்தின் முதற் சொற்களே நிபந்தனைதான். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே இந்த உரிமை என்று கூறிவிட்டு, எல்லாருக்கும் இது “சமமாக” உண்டு என்கிறது. அந்தச் சமம் என்ற சொல்லை நாம் நினைவில் வைக்க வேண்டும். நான் எனக்குக் கேட்பதை அடுத்தவருக்கும் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

பேச்சுரிமை 19ஆவது ஷரத்தில் இருக்கிறது. இது குடிமக்களுக்குரியது. இதற்கும் நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், கோர்ட்டு அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காகவே அதைக் கட்டுப்படுத்தலாம். “எனக்குப் பிடிக்கவில்லை” என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு தீர்ப்புகள்

கேரளத்தில் ஜெஹோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள்; ஆனால் தங்கள் நம்பிக்கை காரணமாக வாய் திறந்து பாடவில்லை. 1985இல் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அவர்களை மீண்டும் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பேச்சுரிமை, மத உரிமை ஆகிய இரண்டுமே அந்தப் பிள்ளைகளின் மௌனத்தைக் காத்தன. அவர்களுடைய கொள்கை நம்முடையதன்று. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் நமக்கும் உண்டு.

அடுத்தது நமக்கு அருகிலேயே நடந்த வழக்கு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு கிறிஸ்தவ சபை, ஒலிபெருக்கியோடும் மேளம், கிடார் முதலியவற்றோடும் ஜெபம் நடத்தி வந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தோரின் சங்கம் வழக்குத் தொடுத்தது. ஒலியைக் குறைக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை ஐகோர்ட்டு கூறியது. அது தங்கள் மத உரிமையில் தலையிடுவது என்று சபையார் மேல்முறையீடு செய்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 30-8-2000 அன்று அந்த அப்பீலைத் தள்ளுபடி செய்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றோ, ஒலிபெருக்கியும் மேளமும் வேண்டும் என்றோ எந்த மதமும் விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். முதியோர், நோயாளிகள், குழந்தைகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோரின் நிம்மதியையும் அது எடுத்துக்காட்டியது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாடாமல் நின்ற பிள்ளைகளால் யாருக்கும் இடையூறு இல்லை. கோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. ஜெபத்தின் ஓசையால் அடுத்த வீட்டாருக்கு இடையூறு. கோர்ட்டு அடுத்த வீட்டார் பக்கம் நின்றது. ஜெபிக்க வேண்டாம் என்று அது சொல்லவில்லை. வணக்கத்துக்கு உரிமை உண்டு. பிறர் வீட்டுக்குள் நுழையும் ஓசைக்கு அந்த உரிமை இல்லை.

அதே 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை வெளியே கேட்கும்படி வைக்கலாகாது. குடியிருப்புப் பகுதியில் ஒலியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். நம் ஊரில் சுப்ஹு பாங்கின் நேரம் ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்பே வருகிறது. இதை நாம் நமக்குள் மறைப்பதில் பயனில்லை.

மார்க்கம் சொல்வது என்ன?

கோர்ட்டு சொன்னது ஒருபுறம் இருக்கட்டும். நம் ஷரீஅத் இதற்கு முன்பே என்ன கற்றுத் தந்திருக்கிறது?

பாங்கு நம் மார்க்கத்தின் அடையாளம். குரலை உயர்த்திப் பாங்கு சொல்வது சுன்னத்து. இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள் பள்ளிக்கு அருகில் உயரமாக இருந்த ஒரு வீட்டின் மேல் ஏறி, தம் குரலாலேயே சுப்ஹு பாங்கு சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. ஒலிபெருக்கி 20ஆம் நூற்றாண்டில் வந்த கருவி. அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்களே அன்று விவாதித்தார்கள். பாங்கு வேறு, கருவி வேறு.

பயானும் கிராஅத்தும் பாங்கைப் போன்றவை அல்ல. தொழுகையில் குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம், நடுவழியைத் தேடுங்கள் என்ற கருத்தைக் குர்ஆன் 17:110இல் காண்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரத்து ஓதுவதைக் கேட்டு, திரையை விலக்கி, ஒருவர் ஓசையால் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்தார்கள். தடுக்கப்பட்டது குர்ஆன் ஓதும் ஓசை என்பதைச் சிந்தியுங்கள்!

மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவர் கேட்கும்படியும் தூங்குபவர் விழிக்காதபடியும் சலாம் சொல்வார்களாம். தூங்குகிறவனின் ஹக்கை இதைவிட அழகாக எந்தச் சட்டமும் சொல்லிவிட முடியாது.

பேச்சுரிமைக்கும் இதே அளவுகோல்தான். மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு திட்டமிட்டு இழிவுபடுத்துவது 1927 முதல் 295-ஏ பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 299ஆவது பிரிவாக இருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நாம் விரும்புகிறோம். அப்படியானால் பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று 6:108இல் அல்லாஹ் நமக்கு இட்ட தடையை நம் மேடைகளில் மறக்கலாமா?

பெரியவரின் அச்சம்

இவற்றை நான் கமிட்டியில் எடுத்துச் சொன்னபோது பெரியவர் இரண்டு கேள்விகள் கேட்டார். “இன்று ஸ்பீக்கரைக் குறைத்தால் நாளை பாங்கையே நிறுத்தச் சொல்வார்களே?” என்பது ஒன்று. “ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது பத்து நாள் அவர்கள் வைக்கிறார்களே?” என்பது மற்றொன்று.

அந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் யாருக்கும் இடையூறு செய்யாத வணக்கத்தை ஒருவர் தடுக்க வந்தால், அப்போது சாசனம் முழு பலத்தோடு நம் பக்கம் நிற்கும். இடையூறு செய்துகொண்டே கேட்டால் அந்தப் பலம் குறையும். விதியை நம்மீது மட்டும் ஏவி மற்றவர்களை விட்டுவிட்டால், சட்டத்தின் முன் சமம் என்ற 14ஆவது ஷரத்தைக் காட்டி மனுப் போட நமக்கு உரிமை உண்டு. அதைத் தயங்காமல் செய்யலாம். அடுத்தவர் செய்யும் தவறு மட்டும் நமக்கு ஃபத்வா ஆகாது.

இப்போது எங்கள் பள்ளியில் பயான், ஜும்ஆ குத்பா, சந்தா அறிவிப்பு எல்லாம் உள் ஸ்பீக்கரில் மட்டுமே. பகல் நேரப் பாங்கு வெளியே கேட்கிறது. ஒலியைக் குறைத்து, அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சுப்ஹு பாங்கை மோதினார் மாடியில் நின்று வாயாலேயே சொல்கிறார். பெரியவருக்கு இன்னும் முழு மனநிறைவு இல்லை. ஆனாலும் தவறாமல் முதல் ஸஃப்பில் வந்து நிற்கிறார்.

பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அதே தெருவில் பீகாரிலிருந்து வந்த முஸ்லிம் வாலிபர்கள் நான்கு பேர் ஓர் அறையில் தங்கி இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். என் பயான் அவர்கள் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது. தீனின் பெயரால் வந்த ஓசை என்பதால் அவர்கள் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்மணி வந்து சொல்லியிராவிட்டால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

சகோதரர்களே! உங்கள் மஹல்லாவிலும் பள்ளியைச் சுற்றியுள்ள பத்து வீடுகளுக்குப் போய், யார் எப்போது தூங்குகிறார்கள், யார் நோயாளி, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று கேட்டு வாருங்கள். யாரும் வழக்குப் போடும்வரை காத்திருக்க வேண்டாம்.

அண்டை வீட்டார் நம்மால் அச்சமின்றி நிம்மதியாக இருக்கும் நிலையை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.