சோப்பா, சானிடைசரா?

“கை கழுவினாயா?” என்று கேட்காத தாய் நம் ஊரில் இல்லை. 2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தபின் அந்தக் கேள்வி “சானிடைசர் போட்டாயா?” என்று மாறிற்று. மளிகைக் கடை வாசல், வங்கி, வகுப்பறை மேசை என எங்கும் அந்தப் புட்டி வந்து அமர்ந்தது. நோயின் வேகம் தணிந்த பின்னும் பல வீடுகளிலும் பள்ளிப் பைகளிலும் அது தங்கிவிட்டது. ஆனால் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வாழும் நாம், மற்ற ஊரார் வாங்குவதுபோல் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட இயலாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் சிறிது வேதியியல். சானிடைசரில் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகும். இது கிருமியின் புரதத்தையும் கொழுப்புறையையும் சிதைக்கிறது. 60 சதவீதத்திற்குக் குறைந்தால் போதிய பயன் இல்லை. அப்படியானால் 100 சதவீதம் இன்னும் சிறந்ததோ என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதுவும் சரியன்று. புரதம் சிதையச் சிறிது நீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவைகளுள் ஒன்றில் எத்தில் ஆல்கஹால் 80 சதவீதமே. தோல் வறளாதிருக்கக் கிளிசரின் சேர்க்கிறார்கள். கை நனையும் அளவு எடுத்து, காயும் வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். இரண்டு சொட்டு விட்டு உதறிவிட்டுப் போவது வெறும் சடங்கு.

கிருமியைக் கொல்வது வேறு, அழுக்கை அகற்றுவது வேறு. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் தோழியின் தாயார் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது அவர் கைகள் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். அது அலுமினியப் பொடி. ஒருநாள் நாங்கள் இருவரும், “அத்தை, கையை நீட்டுங்கள்” என்று பெருமையோடு சானிடைசரை ஊற்றினோம். பொடி போகவில்லை. நகக் கண்ணிலும் விரல் இடுக்கிலும் பரவி மணிக்கட்டு வரை ஏறிற்று. அத்தை சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டார். நுரை சாம்பல் நிறமாக ஓடியது. மூன்றாம் முறைதான் வெள்ளையாயிற்று.

மருந்துக் கலவையில் உள்ள வெடியுப்பு நீரில் கரையும். கந்தகமும் அலுமினியமும் கரையா. சோப்பு அவற்றைத் தோலிலிருந்து பெயர்த்து நீரோடு அனுப்பிவிடுகிறது. சானிடைசரில் கழுவி விடுதல் என்பதே இல்லை. பூசியது கையிலேயே காய்கிறது. “சானிடைசர் போட்டாயிற்று” என்ற தைரியத்தில் அதே கையால் தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்தால், பொடியும் சோற்றோடு வயிற்றுக்குள் போகும். அச்சகத்து மைக்கும் இதே கதைதான்.

இதைவிடப் பெரிய அபாயம் தீ. 70 சதவீத எத்தில் ஆல்கஹால் சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடும்! அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஒரு சிறு பொறிக்கு அஞ்சி நூல் சேலை உடுத்திப் போகும் இடத்திற்கு இந்தப் புட்டியைக் கொண்டுபோகலாமா? மருந்தறைப் பக்கமே அது வரக்கூடாது. ஆலையில் வேண்டியது குழாயும் சோப்பும்தான். உணவருந்தும் இடத்தருகே அவற்றை வைத்துத் தருவதை, பணம் கொடுத்துப் புட்டி வாங்குவதைவிட மேலான செலவாக நான் கருதுகிறேன். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த ஆல்கஹாலற்ற வகையும் கிடைக்கிறது. அது எரியாது; ஆனால் எல்லாக் கிருமிகளிடமும் அதன் வலு ஒன்றுபோல் இல்லை, பொடியையும் அகற்றாது.

வீட்டிலும் கவனம் தேவை. 2020 தீபாவளியின்போது, விளக்கேற்றுமுன்னும் பட்டாசு கொளுத்துமுன்னும் சானிடைசர் பூசாதீர்கள் என்று அறிவிப்புகள் வந்தன. மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றும் நமக்கும் அது பொருந்தும்.

இனி சிறு குழந்தைகள். 2021 ஜனவரி 31 அன்று மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக 12 குழந்தைகளுக்குச் சானிடைசரைக் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்தனர். மருந்து கொடுக்கும் பெரியவர்களே இப்படி ஏமாறும்போது, பழப்படம் ஒட்டி ஆரஞ்சு மணக்கும் புட்டியைக் குழந்தை எப்படி அடையாளம் காணும்? அத்தகைய புட்டியை வாங்காதிருப்பதே நலம். சிறுவர் கையில் ஊற்றுவது பெரியவராக இருக்கட்டும். காயும் வரை விரல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

போலிகளும் உண்டு. 2020 ஜூன் மாதம், மெத்தில் ஆல்கஹால் கலந்த போலிச் சானிடைசர் குறித்து சி.பி.ஐ. மாநிலப் போலீசாரை எச்சரித்தது. மெத்தில் ஆல்கஹால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் நஞ்சு. தோல் வழியாகவும் உட்புகும். முகர்ந்து பார்த்து இன்னதென்று கண்டுபிடிக்க நம்மால் ஆகாது. ஆகவே ஆல்கஹாலின் பெயரும் அளவும், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை அச்சிடப்படாத புட்டியையும், தெருவில் அளந்து ஊற்றித் தருவதையும் தொடவேண்டாம்.

அத்தையின் சாப்பாட்டுப் பையில் இப்போது ஒரு சிறிய சோப்பு டப்பா இருக்கிறது. நாங்கள் வாங்கிய புட்டி, அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, தோழியின் தம்பிக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கிறது; பேருந்தில் வெளியூர் போகும்போது மட்டும் எடுக்கிறார்கள்.