காந்தம் கொண்டுவந்த பாட்டு

சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூருக்கு வாடகைக்கு ஓடும் என் தந்தையாரின் அம்பாசிடர் காரில் பழைய கேசட் ஸ்டீரியோ ஒன்று உண்டு. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப்போயின. பாட்டெல்லாம் இப்போது என் கைப்பேசியில். ஸ்டீரியோவையே மாற்றச் சொன்னார் கடைக்காரர். தந்தையாரோ, "ஓடுத சாமானை எதுக்குலே கழத்தணும்?" என்றார். பௌதிக மாணவனாகிய என் மானம் இதில் சிக்கிக்கொண்டது.

கைகொடுத்தது கேசட் அடாப்டர். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட கேசட்டின் வடிவந்தான்; ஆனால் உள்ளே நாடா இல்லை, சிறு காந்தத் தலை ஒன்று உண்டு. கைப்பேசியின் ஒலி, மின்னோட்டமாகக் கம்பி வழியே வந்து அத்தலையின் சுருளில் பாய்கிறது. மின்னோட்டம் மாற மாறக் காந்தப் புலமும் மாறும். எதிரே ஒட்டி நிற்கும் ஸ்டீரியோவின் தலை, அதை நாடாவின் காந்தம் என்றே நம்பிவிடுகிறது! பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இது.

முதலில் பாட்டு மங்கலாகவே கேட்டது. தந்தையார் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். ஸ்டீரியோவின் தலையில் பழைய நாடாத் துகள் படிந்திருந்தது. மயிரளவு இடைவெளி விழுந்தாலே உச்ச ஒலிகள் தேய்ந்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.

மறுநாள் சவாரியில் பின்னிருக்கைப் பெரியவர், "கொஞ்சம் சத்தமா வையிங்க தம்பி" என்றாராம். தந்தையார் வைத்தாராம்.