ஆற்றுக்கு ஒரு நாடாளுமன்றம்

இராஜஸ்தான் என்றவுடன் மணற்குன்றுகளும் ஒட்டகங்களுமே பலர் நினைவில் எழும். ஆனால் அம்மாநிலத்தின் கிழக்கே, ஆரவல்லி மலைத்தொடரின் மடிப்புகளுக்கிடையே அமைந்த அல்வார் மாவட்டம் பாலைவனம் அன்று. அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

600 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவா? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். இக்கணக்கின்படி ஓர் எக்டேர் நிலத்தில் ஓராண்டில் விழும் நீர் 60 இலட்சம் லிட்டர். இத்துணை நீர் விழும் மண்ணில்தான் 1980-களில் கிணறுகள் அடிவரை வறண்டு கிடந்தன. காடழிந்த மலைச்சரிவில் விழுந்த மழை, தங்குவதற்கு இடமின்றி மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிட்டது. அர்வாரி என்னும் ஆறு மழை பெய்த நாள்களில் மட்டும் நீரைக் கண்டது. மற்ற நாள்களில் அது வெறும் மணல்தடம். பெண்கள் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர். இளைஞர்கள் வேலை தேடித் தில்லிக்கும் அகமதாபாத்துக்கும் சென்றனர். பிழைப்பை நாடி ஊரைப் பிரிவது எத்தகையது என்பதை இப்பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பெரியோர் நன்கறிவர்.

1985-ஆம் ஆண்டில் இராஜேந்திர சிங் என்னும் இளைஞர் நண்பர்கள் நால்வருடன் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். அவர் ஆயுர்வேத மருத்துவம் பயின்றவர். 'தருண் பாரத் சங்கம்' என்னும் அமைப்பைச் சேர்ந்தவர். சிற்றூர் மக்களுக்கு மருத்துவம் செய்ய வேண்டும், எழுத்தறிவு புகட்ட வேண்டும் என்பதே அவரது எண்ணம். ஆனால் கோபால்புரா என்னும் ஊரில் முதியவர் ஒருவர் அவரைத் தடுத்து நிறுத்தினார். மருந்தும் படிப்பும் பிறகு வரட்டும். முதலில் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும் என்பது அம்முதியவரின் கருத்து. அதற்கான வழியையும் அவரே காட்டினார். வறண்ட கிணறுகளுக்குள் இறக்கி, பாறையில் வெடிப்புகள் எங்கெங்கு உள்ளன, மழைநீர் எவ்வழியாக உள்ளே இறங்கும் என்பதை நேரில் காணச் செய்தார். கற்பிக்க வந்தவர் மாணவரானார். எழுதப் படிக்கத் தெரியாத உழவரிடம் நீரியல் பயின்றதை இராஜேந்திர சிங் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார்.

அம்முதியவர் கட்டச் சொன்னது 'ஜோஹட்'. சரிவான நிலத்தில் ஓடிவரும் மழைநீரை மறித்து, பிறை வடிவில் எழுப்பப்படும் மண்கரையே ஜோஹட் ஆகும். தமிழகத்து ஏரிக்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டுமே மண்கரையால் மழைநீரைத் தடுப்பவை. இரண்டும் பல தலைமுறைகளின் அறிவில் விளைந்தவை. வேறுபாடும் உண்டு. ஏரி நீரைத் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு அனுப்பும். ஜோஹடின் முதற்பணி, தேங்கிய நீரை மெல்ல மண்ணுக்குள் இறக்குவது. நீர் வற்றியபின் ஈரம் நிறைந்த அதன் தரையிலேயே பயிர் செய்வதும் உண்டு. இறங்கிய நீர் பாறை வெடிப்புகளின் வழியே பரவிக் கிணறுகளை அடையும். நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகையின் உயரத்துக்கு ஏறிவிட்டால், அந்நீர் ஆற்றினுள் கசியத் தொடங்கும். மழையில்லாத மாதங்களிலும் ஓர் ஆறு ஓடுகிறது என்றால், அது பெரும்பாலும் இவ்வாறு அடியிலிருந்து ஊறிவரும் நீரே. கிணற்றின் நலமும் ஆற்றின் நலமும் வெவ்வேறல்ல.

கோபால்புராவில் தூர்ந்துபோன பழைய ஜோஹடைத் தோண்டும் பணி தொடங்கியது. அடுத்து வந்த மழையில் அதில் நீர் நின்றது. அருகிலிருந்த கிணறுகள் ஊறின. அண்டை ஊரார் வந்து பார்த்தனர். ஆயிரம் சொற்பொழிவுகளால் ஆகாததை நீர் நின்ற ஒரு குளம் செய்தது எனலாம்.

பின்னர் ஊர் ஊராகக் கால்நடைப் பயணங்கள் நடைபெற்றன. பகலில் நடப்பதும், மாலையில் ஊர்ப்பொதுவில் அமர்ந்து பேசுவதும் வழக்கமாயின. கரையை எங்கே அமைப்பது, எவர் நிலத்தில் நீர் நிற்கும், எவர் எத்தனை நாள் மண் சுமப்பது என்பனவற்றை ஊர்க்கூட்டமே முடிவு செய்தது. ஊரார் தம் பங்காக உழைப்பையோ பொருளையோ தர இசைந்த பின்னரே சங்கம் பணியில் கை வைத்தது. தாம் சுமந்த மண்ணால் எழுந்த கரை உடைந்தால் அதனை அடைக்க ஊராரே ஓடிவருவர் அல்லவா! தொடக்கத்தில், இசைவின்றிக் கட்டப்பட்டது எனக் கூறி அரசின் நீர்ப்பாசனத் துறை அறிவிக்கை அனுப்பியதும் உண்டு. ஊரார் கரையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அர்வாரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 300-க்கும் மேற்பட்ட ஜோஹடுகளும் தடுப்பணைகளும் எழுந்தன. ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள பாவந்தா, கோல்யாலா ஆகிய சிற்றூர்களின் மக்கள் மலைக்காட்டையும் காத்தனர். பச்சை மரத்தை வெட்டுவதில்லை என உறுதி கொண்டனர். 1990-களின் நடுவில் அர்வாரி ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. வெளியூர் சென்ற இளைஞர் பலர் உழவுக்குத் திரும்பினர். ஆற்றில் மீனும் வந்தது.

மீனோடு வழக்கும் வந்தது! ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை அரசு ஓர் ஒப்பந்தக்காரருக்கு வழங்கியது. ஊரார் எதிர்த்தனர், அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. மணலாகக் கிடந்தபோது எவரும் உரிமை கோராத ஆறு, நீர் வந்தபின் எவருடையது? ஒப்பந்தக்காரரைத் தடுத்த ஊராரே நாளை ஆற்றங்கரையில் எந்திரம் வைத்து நீரை இறைத்தால், அவர்களைத் தடுப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடையாக 1999-இல் 'அர்வாரி நாடாளுமன்றம்' தோன்றியது. ஆற்றங்கரையைச் சார்ந்த 70-க்கும் மேற்பட்ட ஊர்களின் பேராளர்கள் அதன் உறுப்பினர்கள். மிகுந்த நீரை உண்ணும் கரும்பையும் நெல்லையும் பயிரிடலாகாது. ஆழ்துளைக் கிணறு தோண்டலாகாது. ஆற்றில் மீன் பிடிக்கலாகாது. மரங்களை வெட்டலாகாது என்பன போன்ற விதிகளை அவர்கள் வகுத்தனர். கரும்பு நல்ல விலை தரும் பயிர். பல ஆண்டு வறட்சிக்குப்பின் கிணற்றில் நீரைக் கண்ட உழவர், அதனைத் தாமே விலக்கி வைப்பது எளிதன்று. ஜோஹட் கட்டுவதைக் காட்டிலும் கடினமான பணி இதுவே. அந்நாடாளுமன்றத்துக்குச் சட்டம் தந்த அதிகாரம் ஏதுமில்லை, காவலரும் இல்லை. ஊரார் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும் என்பதே அதன் வலிமை. நீருக்கென ஊரவை பொறுப்பேற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன.

2000-ஆம் ஆண்டில் அன்றைய குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன், பாவந்தா, கோல்யாலா மக்களைப் பாராட்டி விருது வழங்க அப்பகுதிக்கே நேரில் வந்தார். இராஜேந்திர சிங் 2001-இல் மகசேசே விருதும், 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார்.

எனினும் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டதாகக் கருதுதல் கூடாது. தொடர்ந்து மழை பொய்த்த ஆண்டுகளில் அர்வாரியின் ஓட்டமும் மெலிந்தது. நீரியல் அறிஞர் சிலர் மற்றொரு வினாவையும் எழுப்பியுள்ளனர்: மேட்டு ஊர்களில் மழைநீரைப் பிடித்து நிறுத்தினால், கீழுள்ள ஊர்களுக்குச் செல்லும் நீரின் அளவு குறையாதா? இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. ஊர்களுக்கிடையே பேச ஓர் அவை வேண்டியிருப்பதும் இதனால்தான். பிகம்புராவில் உள்ள சங்கத்தின் தருண் ஆசிரமத்துக்குப் பிற மாநிலங்களிலிருந்தும் பலர் பயிற்சிக்கு வருகின்றனர். கரைகளையும் கிணறுகளையும் நேரில் கண்டு, அவற்றைக் கட்டிய உழவர்களிடமே அவர்கள் கேட்டறிகின்றனர்.

பயிற்சி

1. பொருள் அறிந்து தொடரில் அமைத்து எழுதுக: மதகு (ஏரிநீரைத் திறந்துவிடும் வழி), தூர்தல் (மண் சேர்ந்து ஆழம் குறைதல்), பேராளர் (ஊரின் சார்பாக அவைக்குச் செல்பவர்), படுகை (ஆற்றின் அடிநிலம்).

2. 'கற்பிக்க வந்தவர் மாணவரானார்' – இத்தொடர் யாரைக் குறிக்கிறது? அவர் கற்றது யாது?

3. மழையில்லாத மாதங்களிலும் ஆறு ஓடுவது எவ்வாறு? படம் வரைந்து விளக்குக.

4. நும் பள்ளிக் கூரையின் நீள அகலத்தை அளந்து அறிக. நும் ஊரின் ஆண்டு மழையளவைக் கேட்டறிந்து, கூரைமீது ஓராண்டில் விழும் நீர் எத்தனை லிட்டர் எனக் கணக்கிடுக.

5. நும் வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் சொந்த ஊரின் ஏரி, குளம், ஆறு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுள் இன்று நீர் உள்ளவை எவை?

6. வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக: ஒரு குழு மேட்டூரார், மற்றது கீழூரார். இவ்வாண்டு மழை பாதியே பெய்துள்ளது.