செஞ்சிக் கோட்டையை அட்டைக்குள் வைப்போம்



2025 ஜூலையில் நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி பார்க்க வருகிறவர்கள் ஊருக்கு என்ன வாங்கிப் போவாங்க? நம் குழுவின் வாழ்த்து அட்டையாக இருக்கட்டுமே. சாதா அட்டை இல்லை, பெட்டி போல ஆழம் தெரியும் நிழல் பெட்டி அட்டை.

தடித்த சார்ட் அட்டையில் 7-க்கு 5 அங்குலம் இரண்டு வெட்டுங்கள். ஒன்றில் வெளிர் நீலத் தாள் ஒட்டினால் வானம். மற்றதில் சுற்றிலும் முக்கால் அங்குலம் விட்டு நடுவை எடுத்தால் ஜன்னல். பிறகு 7 அங்குல அகலத்தில் மலை ஒன்று, மதில் ஒன்று. கல்யாண மகாலை மதிலோடு சேர்த்தே வரைந்து வெட்டுங்க. மலை உச்சியில் வைக்காதீங்க, அது அடிவாரத்தில்தான் இருக்கு!

ஆழம் தருவது பட்டைதான். மளிகைக்கடை அட்டைப்பெட்டியை அரை அங்குலப் பட்டையாக நறுக்கி, வானம், மலை, மதில், ஜன்னல் என ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு ஓரமும் ஒட்டணும். அகலம் கூடினால் ஜன்னலில் பட்டை தெரியும். வாழ்த்தைப் பின்பக்கம் எழுதலாம்.

பசையைக் கொஞ்சமாகத் தடவுங்க. மேலே பலகை வைத்து ஒரு ராத்திரி காயவிடணும். முன்பு ஒரு பொங்கல் ஆர்டருக்கு அவசரத்தில் ஈரத்தோடு கவரில் போட்டோம். பாதி அட்டை வளைஞ்சு திரும்பி வந்தது, அந்தக் காசு குழுவுக்கு நஷ்டம்.

விலை போடும்போது அட்டை, பசையோடு உங்கள் கூலியையும் நோட்டில் எழுதுங்க. அது சேராத விலைக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம்.